கிட்டாருக்கு ஆறு காதுகள்: சிந்த் பிக்கப் பொருத்தும் முறை

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்கெனவே இரண்டோ மூன்றோ பிக்கப் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலை அடுப்படியில் நின்றே சொல்லிவிடலாம்: சாம்பார் சாதத்தைப் பிசைந்த பிறகு அதிலிருந்து பருப்பை மட்டும் தனியாக எடுக்க முடியுமா? சாதாரணப் பிக்கப் ஆறு தந்திகளின் அதிர்வையும் பிசைந்து ஒரே மின்குறிப்பாக வெளியே அனுப்புகிறது. ஆம்ப்புக்கு அது போதும். ஆனால் நீங்கள் மீட்டும் சுரத்தைக் கண்டுபிடித்து அதை வயலினாகவோ ஆர்கனாகவோ மாற்ற வேண்டிய சிந்தசைசருக்கு ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகத் தேவை. ஆறு தந்திகளுக்கு ஆறு குட்டிப் பிக்கப்புகளை ஒரே மெல்லிய பட்டையில் அடுக்கியதுதான் சிந்த் பிக்கப்.

ரோலண்ட் நிறுவனம் 1977இல் ஜிஆர்-500 என்ற கிட்டார் சிந்தசைசரைக் கொண்டுவந்த காலத்தில் அதற்கென்றே செய்த கிட்டாரையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஜிஆர்-300தான் ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெதனியின் கையில் புகழ்பெற்றது. டிரம்பெட் போலச் சீறும் அவருடைய அந்த ஓசை அதிலிருந்து பிறந்ததே. இன்று தனிக் கிட்டார் வேண்டாம். உங்களிடம் இருக்கும் கிட்டாரிலேயே ஒரு மாலைப்பொழுதில் பொருத்திவிடலாம். ஒட்டுவது பத்து நிமிட வேலை. மிச்சப் பொழுதெல்லாம் 1 மி.மீ. இடைவெளியைச் சரிசெய்வதில் போகும். அதனால் கீழே அந்தப் பகுதியைத்தான் நீட்டி எழுதியிருக்கிறேன்.

வாங்கும் முன்

உங்களுக்கு இது உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள். கிட்டார் ஓசையின் பின்னால் மெத்தென்று ஒரு படலம் படர்ந்தால் போதும் என்றால், பாஸ் (Boss) நிறுவனத்தின் எஸ்ஒய்-300 போன்ற பெடல்கள் சாதாரணக் கிட்டார் கேபிளிலேயே வேலை செய்யும். கூடுதல் பிக்கப் எதுவும் வேண்டாம். கணினியில் மட்டும் வாசிப்பவர்களுக்குச் சாதாரணப் பிக்கப்பின் ஓசையிலிருந்தே சுரங்களைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு ஓசை, ஒரு பொத்தானைத் தட்டியதும் ஆறு தந்திக்கும் வேறு சுருதி, நிஜமான பியானோ ஒலிப்பதிவுகளை வாசிப்பது என்றெல்லாம் ஆசை இருந்தால்தான் இந்தப் பிக்கப்புக்குச் செலவழியுங்கள்.

சந்தையில் மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. ரோலண்ட் ஜிகே-3 போன்றவை 13 ஊசி உள்ள தடித்த கேபிளில் இயங்கும். ஜிஆர்-55, விஜி-99, எஸ்ஒய்-1000 ஆகிய கருவிகள் இந்தக் குடும்பம். 2023இல் வந்த ஜிகே-5 டிஜிட்டல் முறைக்கு மாறி, மெல்லிய கேபிளில் இயங்குகிறது. ஜிஎம்-800 அதனுடைய ஜோடி. ஒன்றின் பிக்கப்பை இன்னொன்றின் கருவியில் நேரடியாகச் செருக முடியாது, இடையில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். பழைய பொருளாக மலிவாகக் கிடைக்கிறதே என்று ஜிகே-3 வாங்கிவிட்டுப் பிறகு ஜிஎம்-800 வாங்கினால், அந்த மாற்றிப் பெட்டிக்குத் தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது, ஃபிஷ்மேன் ட்ரிப்பிள்பிளே. இது கேபிளில்லாமல் கணினிக்கு மிடி குறிப்புகளை (எந்தச் சுரம், எவ்வளவு பலம் என்று சொல்லும் டிஜிட்டல் தகவல்) அனுப்பும். மேடையைவிட வீட்டுப் பதிவுக்கு இது வசதி என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டுரை ஜிகே-3யை வைத்தே போகிறது. பழைய பொருள் விற்கும் இடங்களில் தாராளமாகப் புழங்குவது அதுதான்; இடைவெளி, தூரம், சுத்தமாக வாசிப்பது பற்றிச் சொல்வதெல்லாம் மற்றவற்றுக்கும் பொருந்தும்.

இடம் இருக்கிறதா?

பிக்கப் உட்கார வேண்டிய இடம், உடலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும் அதை ஒட்டிய பிக்கப்புக்கும் நடுவில். அங்கே ஒரு அளவுகோலை வைத்துப் பாருங்கள். லெஸ் பால் வகைக் கிட்டாரில் இடம் தாராளம். ஆனால் தந்திகள் உடலிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்பதால் பிக்கப்புக்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டிவரும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பிரிட்ஜ் பிக்கப் சாய்வாக இருப்பதால் மிக மெல்லிய 1ஆம் தந்திப் பக்கம் நெருக்கடி. பெரும்பாலும் மயிரிழையில் நுழைந்துவிடும். பழைய பாணி டெலிகாஸ்டர்தான் தலைவலி. அதில் பிரிட்ஜும் பிக்கப்பும் ஒரே உலோகத் தட்டில் இருக்கின்றன, நடுவே சந்து கிடையாது. டெலிகாஸ்டர் வைத்திருப்பவர்கள் ஒட்டும் வகையை மறந்துவிட்டு, சேடிலிலேயே, அதாவது பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் துண்டிலேயே, அதிர்வை உணரும் பியசோ சேடில் வகையைப் பற்றிக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் பேசுவது நல்லது.

ஜிகே வகைப் பிக்கப் காந்தத்தால் இயங்குவது. நைலான் தந்தியில் அது ஊமை. 7 தந்தி, 12 தந்திக் கிட்டார்களுக்கும் ஒத்துவராது.

ஏன் பிரிட்ஜுக்கு அருகிலேயே வைக்க வேண்டும்? தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வளைக்கும்போது அது நடுப்பகுதியில் நிறைய நகரும், பிரிட்ஜ் ஓரத்தில் கொஞ்சமாக நகரும். பிக்கப் தள்ளி இருந்தால் 2ஆம் தந்தியை இழுக்கும்போது அது 3ஆம் தந்திக்கான குட்டிப் பிக்கப்பின் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது சிந்தசைசர் இரண்டு பேர் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு உளறத் தொடங்கும். சேடிலில் தந்தி தொடும் புள்ளியிலிருந்து பிக்கப்பின் நடுக்கோடு வரை 20 மி.மீட்டருக்குள் இருக்கட்டும்.

கிட்டாரைத் தயார் செய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு பிக்கப்பைத் திட்டுகிறார்கள். புதுத் தந்தி மாட்டுங்கள். துருப்பிடித்த தந்தியின் அதிர்வு ஒழுங்கற்றது, அதிலிருந்து சுரத்தைக் கண்டுபிடிக்கக் கருவி திணறும். ஒவ்வொரு தந்தியையும் கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஒவ்வொரு உலோகக் கட்டையிலும், அதாவது ஃபிரெட்டிலும், மீட்டிக் கேளுங்கள். எங்காவது 'ஜிர்' என்று ஃபிரெட்டில் உரசினால் தந்தியின் உயரத்தைச் சற்றுக் கூட்டுங்கள். சாதாரணமாக ஆம்ப்பில் வாசிக்கும்போது அந்த உரசல் காதில் விழாது. சிந்தசைசரோ அதையும் ஒரு சுரமாக எடுத்துக்கொண்டு, நடுவில் புல்லாங்குழலில் கீச்சென்று ஊதிக் காட்டும். 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் திறந்த தந்தியின் சுரமும் சரியாக ஓர் எட்டு சுர இடைவெளியில் நிற்கின்றனவா என்று ட்யூனரில் பாருங்கள். இல்லையென்றால் சேடிலை நகர்த்துங்கள். இதையெல்லாம் பிக்கப் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு தந்தியின் உயரத்தை மாற்றினால் 1 மி.மீ. கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அந்த 1 மி.மீ.

ஆறாவது தந்தியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்த நிலையில், தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் மேற்பரப்புக்கும் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். முதல் தந்திக்கும் அப்படியே. கடைசி ஃபிரெட்டில் ஏன் பிடிக்கச் சொல்கிறார்கள் என்றால், தந்தி பிக்கப்புக்கு மிக அருகில் இறங்கி வருவது அப்போதுதான். திறந்த தந்தியில் அளந்து வைத்தால், மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது தந்தி பிக்கப்பில் இடிக்கும்.

1 மி.மீட்டரைக் கண்ணால் நிதானிக்க முடியாது. பெட்டியில் அளவுத் தகடு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பழைய பொருளாக வாங்கியவர்களுக்கு அது பெரும்பாலும் கிடைத்திருக்காது. எனக்கும் கிடைக்கவில்லை. ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; எழுத்துப் புடைக்காத வழவழப்பான அட்டையாக எடுத்து, அதன்மேல் கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ 1 மி.மீ. வந்துவிடும். அந்த ஜோடி தந்திக்கு அடியில் லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். தந்தியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் பிக்கப் உயரம் அதிகம். தாராளமாக ஆடினால் குறைவு.

முதலில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். பெயின்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்கி உயரத்தைக் கண்டுபிடியுங்கள். எத்தனை துண்டு என்று குறித்துக்கொண்டு, அதே தடிமனுக்குப் பெட்டியில் வரும் மெத்தைத் துண்டுகளையோ கெட்டியான பிளாஸ்டிக்கையோ வைத்து, இருபக்கம் ஒட்டும் டேப்பால் நிரந்தரமாக்குங்கள். மெத்தென்ற ஸ்பாஞ்சை மட்டும் வைத்து உயர்த்த வேண்டாம். ஒரு மாதத்தில் அது அமுங்கிவிடும். நீங்களும் கருவியில்தான் கோளாறு என்று நினைப்பீர்கள். மரத்தில் துளை போடத் தயங்காதவர்கள் திருகாணியும் ஸ்பிரிங்கும் வைத்துப் பொருத்தினால், பிறகு திருகியே உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். என் கிட்டாரில் துளை போட எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு தந்தியும் தன் குட்டிப் பிக்கப்பின் நேர் மேலே போகிறதா என்று கிட்டாரை மேசையில் கிடத்தி, செங்குத்தாக மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் கண் ஏமாற்றும். எந்த முனை 6ஆம் தந்திக்கு என்று பிக்கப்பிலேயே குறி இருக்கும்.

சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கைப்பிடி உள்ள கிட்டாராக இருந்தால் கைப்பிடியை அழுத்தியும் தூக்கியும் பாருங்கள். தந்தி பிக்கப்பில் இடித்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுவதா, ட்ரெமலோவை விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். நான் ட்ரெமலோவை விட்டுவிட்டேன்.

கட்டுப்பாட்டுப் பெட்டியும் கேபிளும்

பிக்கப்பிலிருந்து வரும் சன்னக் கம்பி ஒரு சிறு பெட்டியில் போய்ச் சேரும். அதில் ஒலியளவுத் திருகு, இரண்டு அழுத்துப் பொத்தான்கள், கிட்டார்–இரண்டும்–சிந்த் என்று மூன்று நிலைகளுள்ள ஒரு விசை ஆகியவை இருக்கும். இந்தப் பெட்டி கிட்டாரின் வால் பக்கம், ஸ்ட்ராப் மாட்டும் குமிழோடு சேர்த்து இறுக்கும் தாங்கியில் உட்காரும். கிட்டாரின் வழக்கமான வெளியீட்டிலிருந்து ஒரு குட்டிக் கேபிள் இந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். அப்போதுதான் சாதாரணக் கிட்டார் ஓசையும் அதே 13 ஊசிக் கேபிள் வழியாகப் போகும். இந்தக் குட்டிக் கேபிளைச் செருக மறந்துவிட்டு, கிட்டார் ஓசையைக் காணோமே என்று தேடுவது வழக்கமாக நடப்பது.

13 ஊசிகளில் எது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே தீர்த்துவிடலாம். 1 முதல் 6 வரை அந்தந்த எண்ணுள்ள தந்திகள். 7 சாதாரணக் கிட்டார் ஓசை. 8 ஒலியளவுத் திருகு. 9 காலி. 10, 11 இரண்டு பொத்தான்கள். 12, 13 பிக்கப்புக்கு மின்சாரம்: கூட்டல் 7 வோல்ட், கழித்தல் 7 வோல்ட். சிந்தசைசரே மின்சாரம் தருவதால் பிக்கப்புக்கு பேட்டரி வேண்டாம்.

நான் பழைய பொருளாக வாங்கிய கேபிளில் 3ஆம் தந்தி மட்டும் ஊமையாக இருந்தது. பிக்கப்பை மூன்று முறை கழற்றி மாட்டினேன், தந்தியை மாற்றினேன், விற்றவரை மனத்துக்குள் திட்டினேன். கடைசியில் டார்ச் அடித்து கேபிளின் முனையைப் பார்த்தால் ஓர் ஊசி சாய்ந்து பக்கத்து ஊசியின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது. எண்ணிப் பார்த்தேன்: மூன்றாவது. புருவம் திருத்தும் சாமணத்தால் நிமிர்த்தியதும் தந்திக்குப் பேச்சு வந்துவிட்டது. அன்றிலிருந்து செருகும்போது பள்ளத்தையும் மேட்டையும் பொருத்திப் பார்த்து நேராகத் தள்ளுகிறேன், திருகித் திணிப்பதில்லை. செருகும் முன்னும் பிடுங்கும் முன்னும் கருவியை அணைத்துவிடுங்கள். கேபிள் கனமானது என்பதால் அதை ஸ்ட்ராப்பில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டால் பாரம் செருகியின்மேல் விழாது.

கருவிக்குச் சொல்ல வேண்டியவை

கேபிளைச் செருகிக் கருவியை இயக்கியதும் வாசிக்கத் தொடங்கிவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். கருவியின் ஜிகே அமைப்புப் பக்கத்தில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. பிக்கப்பின் வகை ஜிகே-3 என்று தேர்ந்தெடுங்கள். அடுத்தது தந்தியின் நீளம்: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கு 648 மி.மீ., லெஸ் பால் வகைக்கு ஏறத்தாழ 628. மூன்றாவது, ஒவ்வொரு தந்திக்கும் சேடிலிலிருந்து பிக்கப்பின் நடுக்கோடு வரையுள்ள தூரம். சேடில்கள் முன்பின்னாக இருப்பதால் ஆறு எண்களும் வேறுவேறாக வரும். தடித்த தந்திப் பக்கம் தூரம் பொதுவாகக் கூடுதல். ஒரே எண்ணை ஆறு முறை தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நான்காவது, ஒவ்வொரு தந்திக்கும் உணர்திறன். மேடையில் உணர்ச்சிவசப்பட்டு எவ்வளவு பலமாக அடிப்பீர்களோ அவ்வளவு பலமாக ஒரு தந்தியை மட்டும் மீட்டுங்கள். திரையில் அளவுக்கோடு உச்சியை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. முட்டினால் குறையுங்கள். அப்போதே பக்கத்துத் தந்திகளின் கோடுகளையும் கவனியுங்கள். 4ஐ மீட்டும்போது 5இன் கோடும் நன்றாகத் துள்ளினால் பிக்கப் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறது, அல்லது இடைவெளி சரியில்லை. 6ஆம் தந்தியை மீட்ட 1ஆம் தந்தியின் கோடு எழுந்தால் பிக்கப்பைத் திருப்பி ஒட்டிவிட்டீர்கள். பிய்க்க வேண்டாம், ஜிஆர்-55 போன்ற கருவிகளில் பிக்கப்பின் திசையை அமைப்பிலேயே மாற்றலாம்.

தாமதம் எங்கிருந்து வருகிறது

'மீட்டியதும் ஓசை சற்றுப் பிந்தி வருகிறது' என்பது புதியவர்களின் முதல் புகார். இதில் பெரும்பங்கு இயற்கையின் கணக்கு. திறந்த 6ஆம் தந்தி வினாடிக்கு 82.4 முறை அதிர்கிறது, அதாவது ஒரு முழு அலை முடிய 12 மில்லி வினாடி. என்ன சுரம் என்று முடிவு செய்யக் கருவிக்குக் குறைந்தது ஓர் அலையாவது தேவை. 1ஆம் தந்தி 329.6 முறை அதிர்வதால் அதன் அலை 3 மில்லி வினாடியில் முடிந்துவிடுகிறது. எனவே மெல்லிய தந்திகளில் வேகமும் தடித்த தந்திகளில் சோம்பலும் தெரிவது இயல்பு. பாஸ் கிட்டார் போலத் தாழ்ந்த ஓசை வாசிக்க வேண்டுமா? ஓசையை ஓர் எட்டு சுரம் கீழே இறக்கி அமைத்துக்கொண்டு, நீங்கள் மெல்லிய தந்தியில் வாசியுங்கள். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உங்களுக்குத் தாமதம் குறைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எல்லா ஓசைகளும் சுரம் கண்டுபிடிப்பதற்காகக் காத்திருப்பதில்லை. பழைய ஜிஆர்-300, இப்போதைய எஸ்ஒய்-1000இன் சில வகை ஓசைகள் தந்தியின் அலையையே நேரடியாக எடுத்து உருமாற்றுகின்றன. அவற்றில் தாமதம் உறுத்தாது, விரலின் மென்மையும் வன்மையும் அப்படியே வரும். பியானோவில் தொடங்காமல் இந்த வகையில் தொடங்குங்கள் என்பேன்.

கமகம் பிடிப்பவர்களுக்கு

கர்நாடக இசை வாசிக்கத் தந்தியை இழுப்பவர்கள் இந்த இடத்தில் நின்று படிக்கவும். கருவியின் உள்ளேயே இருக்கும் ஓசைகளில் கமகம் பெரும்பாலும் சரியாகப் பின்தொடரும். மிடி வழியாகக் கணினியிலுள்ள ஓசையை இயக்கும்போதுதான் சிக்கல். ஒரு தந்திக்கு ஒரு சேனல் என்று ஆறு சேனல்களில் அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒரு தந்தியை இழுக்க, ஒலித்துக்கொண்டிருக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும். அடுத்து, சுருதி வளைவின் எல்லை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டார் பக்கம் 12 ஃபிரெட் என்றும் கணினி பக்கம் வழக்கமான 2 ஃபிரெட் என்றும் இருந்தால், நீங்கள் இரண்டு ஃபிரெட் அளவுக்கு இழுத்தும் ஓசை ஒரு ஃபிரெட்டில் மூன்றில் ஒரு பங்குதான் நகரும். விரலில் கரகரப்ரியா, காதில் வேறென்னவோ. இரண்டு பக்கமும் 12 என்று வைத்துவிடுங்கள்.

பியானோ, சைலோஃபோன் போன்ற வளையாத ஓசைகளுக்கு இதற்கு நேர்மாறாக, வளைவையே நிறுத்தும் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பியானோவில் விரல் நடுக்கம் கேட்டால் சிரிப்புதான் வரும்.

கையைப் பழக்குதல்

வாசிக்காத தந்திகளை அடக்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. ஆம்ப்பில் கேட்காமல் போகும் ஒவ்வொரு தொடுகையும் இங்கே சுரமாகும். ஒரு மெட்டை மிக மெதுவாக, ஒரு சுரம் முழுக்க அடங்கிய பிறகே அடுத்தது என்று வாசித்துப் பாருங்கள். உங்கள் விரல்கள் தந்தியை விட்டு எழும்போது என்னென்ன ஒழுகுகின்றன என்று தெரியும். எனக்கு முதல் நாள் அவமானமாக இருந்தது.

திடீரென்று ஓசையே வரவில்லையென்றால் பதறாமல், பெட்டியிலுள்ள மூன்று நிலை விசை 'கிட்டார்' பக்கம் போய்விட்டதா, ஒலியளவுத் திருகு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தில் எட்டு முறை இவ்வளவுதான். விளக்கே எரியவில்லையென்றால் மின்சார ஊசிகளையும் செருகியின் பூட்டையும் பாருங்கள்.

கழற்ற வேண்டிவந்தால் பிக்கப்பைப் பிடித்து இழுக்காதீர்கள். முடி உலர்த்தும் கருவியை மிதமான சூட்டில் காட்டி, பசை இளகியதும் மீன்பிடி நரம்பை அடியில் விட்டு, ரம்பம் இழுப்பதுபோல் மெதுவாக அறுத்துக்கொண்டே வாருங்கள். பழைய நைட்ரோ செல்லுலோஸ் வண்ணம் பூசிய கிட்டாரில் டேப்பை நேரடியாக ஒட்டவே கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது நண்பன் ஒருவனின் கிட்டாரில். எட்டு மாதம் ஒட்டியிருந்ததை வெறுங்கையால் வெடுக்கென்று பிடுங்கினேன். மரம் தெரிய வண்ணமும் சேர்ந்து வந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு பிக்கப்பை அதே இடத்தில் திரும்ப ஒட்டினோம். அவன் சிந்த் வாசிப்பதை விட்டு வெகுநாளாகிறது, பிக்கப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.